ரயில் சிறுத்தால் யாருக்கு இழப்பு?

பிரிட்டனில் மாதிரி ரயில் என்றதும் பெரும்பாலோர் சொல்லும் முதல் பெயர் ஹார்ன்பி. 1920 முதல் அந்தப் பெயரில் ரயில்கள் விற்பனையாகி வருகின்றன. 2022 அக்டோபரில் அந்த நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அசல் ரயிலை 120-இல் ஒரு பங்காகச் சுருக்கும் ‘டிடி:120’ என்ற அளவில் இனி இன்ஜின்கள், பெட்டிகள், தண்டவாளங்கள் அனைத்தையும் தயாரிக்கப் போவதாக அது கூறியது. மாதிரித் தண்டவாளத் தயாரிப்பில் புகழ்பெற்ற பீக்கோ நிறுவனமும் அதே ஆண்டில், சில மாதங்கள் முன்னதாகவே, இந்த அளவுக்குள் காலடி எடுத்து வைத்திருந்தது. பிரிட்டிஷ் பொழுதுபோக்காளர்களில் மிகப் பெரும்பான்மையினர் கையாளும் ‘ஓஓ’ அளவு, அசலை 76-இல் ஒரு பங்காகச் சுருக்குவது. புதியது அதைவிடக் கணிசமாகச் சிறியது.

அறிவிப்பு வந்த நாளிலேயே சங்கக் கூட்டங்களிலும் கண்காட்சி அரங்குகளிலும் விவாதம் மூண்டது. சிலர் வரவேற்றார்கள், பலர் சினந்தார்கள், இன்னும் சிலர் இது ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்படும் என்று ஆரூடம் சொன்னார்கள். ஆண்டுகள் சில கடந்த பின்னும் அந்த விவாதம் முற்றிலும் அடங்கவில்லை.

பொம்மை ரயிலைப் பற்றிக் கருத்துப் பக்கத்தில் என்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு தரநிலையை நம்பிப் பணத்தையும் வாழ்நாளின் ஓய்வு நேரத்தையும் செலவிட்டவர்கள், அந்தத் தரநிலையை வகுத்தவர்களே வேறொன்றைக் கொண்டுவரும்போது என்ன செய்வார்கள் என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. மென்பொருள், கேமரா லென்ஸ், கைபேசி மின்னேற்றி என எங்கும் எழும் கேள்விதான். மாதிரி ரயிலில் அது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஏனென்றால், இங்கே தரநிலையை அளவுகோலால் அளந்து பார்த்துவிடலாம்.

இந்த வழக்கில் நான் நடுநிலையாளன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படித்த காலத்தில், தேவாலயக் கூடமொன்றில் நடந்த பழம்பொருள் விற்பனையில் ஒரு ஓஓ அளவு நீராவி இன்ஜினை வாங்கினேன். அது ஒன்று பலவானது. இன்று சென்னையில், இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில், மூன்று இன்ஜின்களும் பதினான்கு பெட்டிகளும் அலமாரியின் மேல்தட்டில் அட்டைப்பெட்டிகளில் உறங்குகின்றன. ஆண்டுக்கு இருமுறை கூடத்தின் தரையில் தண்டவாளம் விரிகிறது. இரவு உணவுக்கு முன் மீண்டும் பெட்டிக்குள் போய்விடுகிறது. புதிய அளவு யாருக்காக வந்ததோ அந்த இட நெருக்கடி என்னுடையது. யாரை அது அச்சுறுத்துகிறதோ அந்தப் பழைய சேமிப்பும் என்னுடையது.

ஒரு பழைய பிழை: புதிய அளவின் சிறப்பைப் புரிந்துகொள்ள, பழைய அளவின் குறையை அறிந்தாக வேண்டும். ஓஓ அளவில் அசலின் ஓர் அடி, மாதிரியில் 4 மி.மீ. ஆகும். பிரிட்டனின் ரயில் பாதைகளில் இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1,435 மி.மீ. கணக்குப்படி மாதிரியில் இது ஏறக்குறைய 18.83 மி.மீ. இருக்க வேண்டும். ஆனால், ஓஓ ரயில்கள் ஓடுவது 16.5 மி.மீ. தடத்தில். இதை அசலுக்குத் திருப்பிப் பெருக்கினால் 4 அடி 1½ அங்குலம்தான் வருகிறது. ரயிலின் உடல் ஒரு விகிதத்திலும் அதன் கால்கள் வேறொரு விகிதத்திலும் செய்யப்பட்டிருக்கின்றன. நேர் எதிரே நின்று பார்த்தால் இன்ஜின் முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு நிற்பதுபோல் தோன்றும்.

இது கவனக்குறைவால் நேர்ந்த பிழை அன்று. 16.5 மி.மீ. தடம், அசலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும் ‘ஹெச்ஓ’ அளவுக்குச் சரியாகப் பொருந்துவது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அந்த அளவையே ஏற்றன. பிரிட்டனின் பாலங்களும் சுரங்கப் பாதைகளும் குறுகலாகக் கட்டப்பட்டவை. எனவே, அந்நாட்டு இன்ஜின்களும் ஐரோப்பிய இன்ஜின்களைவிட உருவில் சிறியவை. அன்றைய மின் மோட்டார்களை 87-இல் ஒரு பங்காகச் சுருங்கிய பிரிட்டிஷ் இன்ஜினுக்குள் அடைக்க முடியவில்லை. உடலை மட்டும் சற்றுப் பெரிதாக்கினார்கள்; தடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938-இல் வந்த ‘ஹார்ன்பி டப்லோ’ இந்தச் சமரசத்தைப் பிரிட்டன் முழுவதும் பரப்பியது. மோட்டார்கள் சிறுத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சமரசம் மட்டும் நீடிக்கிறது. அதற்குள் இலட்சக்கணக்கான ரயில்கள் அந்தத் தடத்துக்கென்றே செய்யப்பட்டுவிட்டன.

இந்தப் பிழையைப் பொறுக்க மாட்டாத சிலர், 18.2 மி.மீ. தடமும், பின்னர் மிகத் துல்லியமான 18.83 மி.மீ. தடமும் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இன்ஜினின் சக்கரங்களையும் கழற்றி மாற்ற வேண்டும். பாதை பிரியும் இடங்களைக் கையால் கட்ட வேண்டும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கடையில் வாங்கியதை அப்படியே ஓட்ட விரும்பும் சாமானியருக்கு, சரியான விகிதம் எட்டாக் கனியாகவே இருந்தது.

டிடி:120-இல் தடத்தின் அகலம் 12 மி.மீ. இதை 120-ஆல் பெருக்கினால் 1,440 மி.மீ. அசலோடு உள்ள வேறுபாடு வெறும் 5 மி.மீ. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, பிரிட்டனின் முதன்மையான மாதிரி ரயில் நிறுவனம் ஒன்று, பெட்டியைத் திறந்து ஓட்டும் சாதாரண வாடிக்கையாளருக்குச் சரியான விகிதத்தில் ஒரு ரயிலைத் தருகிறது. அதற்குப் பெருவாரியான நன்றி கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ சந்தேகம். அந்தச் சந்தேகத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்குவது எளிது, நியாயமாகாது.

இடமும் எடையும்: முதலில் ஆதரவாளர்களின் வாதத்தைப் பார்ப்போம். பிரிட்டிஷ் ரயில்வேயின் ‘மார்க் 1’ வகை நீளப் பயணியர் பெட்டி 64 அடி 6 அங்குலம். ஓஓ அளவில் இது 258 மி.மீ.; புதிய அளவில் 164 மி.மீ. எட்டுப் பெட்டிகள் கொண்ட விரைவு ரயிலுக்கு, இன்ஜின் நீங்கலாக, ஓஓ அளவில் இரண்டு மீட்டருக்கு மேல் நடைமேடை வேண்டும். புதிய அளவில் 1.3 மீட்டர் போதும். நீளமும் அகலமும் சேர்ந்து குறைவதால், அதே காட்சிக்குத் தேவைப்படும் பரப்பு ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்குகிறது. ஓஓ அளவில் வழக்கமான வளைவின் ஆரம் 438 மி.மீ.; ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலப் பலகை தேவை. புதிய அளவில் 310 மி.மீ. ஆரத்திலேயே வளைக்க முடிகிறது. எழுதுமேசையின் மேல் ஒரு சுற்று அடங்கிவிடும். டிடி என்ற பெயரே ‘டேபிள் டாப்’, அதாவது மேசைப் பரப்பு என்பதன் சுருக்கம்தான்.

இடம்தான் சிக்கல் என்றால், ஏற்கெனவே 148-இல் ஒரு பங்கான ‘என்’ அளவு இருக்கிறதே என்று எதிர்ப்பாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இதற்கான விடை எடையில் இருக்கிறது. ஒரு பொருளின் நீளத்தைப் பாதியாக்கினால், அதே உலோகத்தில் செய்யும்போது அதன் எடை எட்டில் ஒரு பங்காகிவிடும். மாதிரி இன்ஜினுக்கு எடைதான் பிடிமானம். தண்டவாளத்திலிருந்து சக்கரத்தின் வழியே மின்சாரம் தடையின்றி ஏறுவதற்கும் எடையே துணை. அதே இன்ஜினை ஓஓ அளவிலிருந்து என் அளவுக்குச் சுருக்கினால், எடை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குக்கு இறங்குகிறது. தண்டவாளத்தில் படியும் சிறு தூசிகூட அதைத் திக்கி நிற்க வைக்கும். 120-இல் ஒரு பங்கான இன்ஜின், என் அளவு இன்ஜினைப்போல் ஏறக்குறைய இருமடங்கு எடை கொள்ளும். தடுமாறாமல் மெதுவாக நகரும் ரயிலைப் பார்க்க விரும்புவோருக்கு இந்த இருமடங்கு முக்கியமானது.

மற்றொரு காரணமும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுவோரில் கணிசமானோர் ஓய்வுபெற்றவர்கள். என் அளவு வண்டியின் எட்டுச் சக்கரங்களையும் தடத்தில் சரியாக அமர்த்த இளம் கண்களும் நடுங்காத விரல்களும் வேண்டும். பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சிறிய குடியிருப்புக்கு மாறும் முதியவருக்கு ஓஓ பெரிது. என் மிகச் சிறிது. இடைப்பட்ட இந்த அளவு இளைஞர்களுக்கானது என்றே பெரும்பாலும் பேசப்படுகிறது. அதைவிட மிகுதியாக முதியவர்களுக்கே பயன்படும் என்பது என் கணிப்பு.

ஆறாத நினைவு: பிறகு ஏன் அச்சம்? பிரிட்டனில் டிடி என்ற பெயர் முதன்முறையாக ஒலிக்கவில்லை. 1957-இல் ட்ரை-ஆங் நிறுவனம் ‘டிடி-3’ என்ற பெயரில் சிறிய ரயில்களைக் கொண்டுவந்தது. ஓர் அடிக்கு 3 மி.மீ. என்பது அதன் கணக்கு. தடமோ இதே 12 மி.மீ. போருக்குப் பிந்தைய சிறிய வீடுகளுக்கு ஏற்ற ரயில் என்று குடும்பங்கள் வாங்கின. பிள்ளைகள் கைச்செலவுக் காசைச் சேர்த்துப் பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். 1964-இல் ட்ரை-ஆங்கின் தாய் நிறுவனம் ஹார்ன்பி ரயில்களைத் தயாரித்த மெக்கானோவை விழுங்கியது. இரண்டு ரயில் வரிசைகளும் ஒன்றாயின. அறுபதுகள் முடிவதற்குள் டிடி உற்பத்தி நின்றுபோனது. பாதி கட்டிய நிலையங்களோடும் இணை கிடைக்காத பெட்டிகளோடும் வாங்கியவர்கள் நின்றார்கள்.

அந்த டிடி ரயில்கள் தயாரானது கென்ட் மாவட்டத்தின் மார்கேட் நகரில். இன்றைய ஹார்ன்பி நிறுவனம் வளர்ந்ததும் அதே ஊரில்தான். சட்டப்படி அவை வெவ்வேறு நிறுவனங்களாக இருக்கலாம். இடையில் எத்தனையோ முறை உரிமை கைமாறியிருக்கலாம். வாடிக்கையாளரின் நினைவு அந்த ஆவணங்களைப் பார்ப்பதில்லை. பத்து வயதில் கைவிடப்பட்ட பிள்ளைக்கு இன்று அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அதே ஊரிலிருந்து, அதே பெயரில், அதே 12 மி.மீ. தடத்தில் மீண்டும் ஓர் அழைப்பு வரும்போது அவர் தயங்குவதில் என்ன வியப்பு?

அவருக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. பழைய டிடி, ஏறக்குறைய 102-இல் ஒரு பங்கு. புதியது 120-இல் ஒரு பங்கு. பெயரும் தடமும் ஒத்திருந்தாலும், பழைய இன்ஜினையும் புதிய பெட்டியையும் இணைத்தால் அண்ணன் தோளில் தம்பி எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். அறுபது ஆண்டுகள் காத்திருந்தவருக்கும் இந்தத் திரும்புகை உதவவில்லை.

ஆனால், கைவிடப்பட்ட அந்த அளவு சாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1965-இல் பொழுதுபோக்காளர்கள் தாங்களே ‘3 மி.மீ. சங்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சக்கரங்கள், தண்டவாளத் துண்டுகள், உதிரிபாகங்கள் என நிறுவனம் நிறுத்தியவற்றைச் சங்கம் வழியே தங்களுக்குள் கிடைக்கச் செய்துகொண்டார்கள். இன்றும் அந்தச் சங்கம் இயங்குகிறது.

கிழக்கு ஜெர்மனியின் அனுபவமும் இதை ஒட்டியதே. 1:120 என்பது பிரிட்டனுக்குத்தான் புதிது. அமெரிக்காவில் 1945-லேயே தோன்றிய இந்த அளவு அங்கே நிலைக்கவில்லை. கிழக்கு பெர்லினின் சாய்கே நிறுவனம் 1950-களின் பிற்பகுதியில் அதைக் கையில் எடுத்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்ந்த கிழக்கு ஐரோப்பியக் குடும்பங்களுக்கு அது பொருந்தியது. செக்கோஸ்லோவாகியா, போலந்து, சோவியத் ஒன்றியம் வரை பரவியது. அந்த நிறுவனம் பின்னர் அரசுடைமையானது. 1990-இல் அந்த அரசே மறைந்தது. தொழிற்சாலைகள் பல மூடப்பட்ட அந்தக் கொந்தளிப்பிலும் டிடி பிழைத்தது. வீடுகளில் ரயில்கள் இருந்தன. அவற்றுக்குப் பெட்டிகளும் பாகங்களும் கேட்கும் மனிதர்கள் இருந்தார்கள். சாக்ஸனி மாநிலத்தின் சேப்னிட்ஸ் ஊரைச் சேர்ந்த டில்லிக் நிறுவனம் அந்த மரபை ஏற்றுத் தொடர்ந்தது.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றைத்தான் உணர்த்துகின்றன. ஓர் அளவைத் தொடங்கி வைப்பது நிறுவனம். அதை வாழ வைப்பது வாங்கியவர்கள் கூட்டம். நிறுவனம் கைவிட்டாலும் கூட்டம் இருந்தால் அளவு பிழைக்கிறது. ஆனால், அந்தப் பிழைப்பின் சுமை முழுவதும் வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. பிரிட்டிஷ் பொழுதுபோக்காளர்கள் அஞ்சுவது ரயில் சிறிதாவதைக் கண்டு அன்று. இந்தச் சுமையை இரண்டாம் முறையும் தாங்க நேருமோ என்பதே அவர்களின் அச்சம்.

எஃகு அச்சுகளின் கணக்கு: ஓஓ அளவில் திருப்தியாக இருப்பவருக்கு என்ன கவலை, அவர் பாட்டுக்கு ஓட்டலாமே என்று கேட்கத் தோன்றும். மாதிரி இன்ஜின் ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவர எஃகு அச்சுகளைக் குடைய வேண்டும். தயாரிப்புச் செலவில் பெரும்பகுதி, முதல் இன்ஜின் வெளிவருவதற்கு முன்பே அந்த அச்சுகளில் கரைந்துவிடும். ஓஓ அளவில் செய்த அச்சைப் புதிய அளவுக்குப் பயன்படுத்த முடியாது. வளர்ந்துவரும் சந்தையில் இது சிக்கல் இல்லை. சுருங்கும் சந்தையில், புதிய அளவுக்குச் செல்லும் ஒவ்வொரு பவுண்டும் பழைய அளவின் இன்னோர் இன்ஜினிலிருந்து எடுக்கப்பட்டது என்றே வாடிக்கையாளர் எண்ணுவார்.

சந்தை சுருங்குகிறது என்ற கவலைக்கு ஆதாரங்கள் இல்லாமல் இல்லை. 1946-இல் லிவர்பூலில் தொடங்கி, பிரிட்டனின் மிகப் பெரிய மாதிரி ரயில் கடைகளுள் ஒன்றாக வளர்ந்த ஹாட்டன்ஸ், 2024 ஜனவரியில் கடையை மூடுவதாக அறிவித்தது. பர்மிங்ஹாமில் ஆண்டுதோறும் வார்லி சங்கம் நடத்திவந்த தேசியக் கண்காட்சி, 2023 நவம்பரோடு முடிவுக்கு வந்தது. இரண்டுக்கும் புதிய அளவு காரணம் அன்று. ஆனால், கடையும் கண்காட்சியும் அடுத்தடுத்து மறையும் காலத்தில் தன் அளவுக்கு வரும் முதலீடு குறையுமோ என்று ஒருவர் கவலைப்பட்டால், அவரைப் பழமைவாதி என்று ஏசுவது பொருந்தாது.

இந்தச் சூழலில்தான் விற்பனை முறையும் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. தொடக்கத்தில் ஹார்ன்பி தன் டிடி ரயில்களைக் கடைகளுக்குத் தரவில்லை. வாடிக்கையாளர்களுக்குத் தானே நேரடியாக விற்றது. இடையில் கடைக்காரரின் பங்கு இல்லாததால் விலையைக் குறைவாக வைக்க முடிகிறது என்பது அதன் தரப்பு. வணிகக் கணக்கில் அதில் பிழை இல்லை. ஆனால், புதிதாக ஓர் அளவுக்கு மாற எண்ணுபவர் முதலில் அதைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்புவார். கண்ணாடிப் பேழைக்குள் 164 மி.மீ. பெட்டி எப்படி இருக்கிறது, சக்கரம் தடத்தில் எப்படி அமர்கிறது, விரலுக்கு எவ்வளவு எடை தெரிகிறது என்பவற்றை எந்தத் திரையும் காட்டாது. பக்கத்துத் தெருக் கடைக்காரர்தான் அந்த ஐயங்களைத் தீர்த்துவந்தவர். அவரையே ஒதுக்கிவிட்டு ஐயம் தீராதவர்களிடம் விற்க முயன்றது தவறான உத்தி. பின்னர் நிறுவனம் இந்தக் கொள்கையைத் தளர்த்திக் கடைகளையும் அனுமதித்தது. தொடக்கத்திலேயே அதைச் செய்திருந்தால் எதிர்ப்பின் சூடு பாதியாகக் குறைந்திருக்கும்.

நம் பாதைகள் சொல்வது: தட அகலம் மாறும்போது என்ன நேரும் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர் கேஜ் பாதைகளே நம் மாவட்டங்களை நெடுங்காலம் இணைத்தன. 1992-இல் இந்திய ரயில்வே தொடங்கிய ஒரே தடத் திட்டத்தின்கீழ் அவை படிப்படியாக 1,676 மி.மீ. அகலப் பாதைகளாயின. நீலகிரி மலை ரயில் போன்ற விதிவிலக்குகளே எஞ்சின. பணிகள் நடந்த ஆண்டுகளில் பல ஊர்கள் ரயிலின்றித் தவித்ததும் பழைய இன்ஜின்கள் இரும்பு விலைக்குப் போனதும் நம் நினைவில் உள்ளவை. ஆனால், அந்த மாற்றத்துக்கு வலுவான தேவை இருந்தது. இரண்டு தடங்கள் சந்திக்கும் நிலையங்களில் சரக்குகளை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. ஒரே தடம் இருந்தால்தான் ஒரு வண்டி நாட்டின் எந்த மூலைக்கும் போக முடியும்.

மாதிரி ரயிலுக்கு அந்தத் தேவை கிடையாது. லீட்ஸில் ஒருவர் வீட்டு ரயில் லண்டனில் இன்னொருவர் வீட்டுக்கு ஓடிப் போகப்போவதில்லை. ஒவ்வொரு வீடும் தனி நாடு. அங்கே இரண்டு அளவுகள், மூன்று அளவுகள் அருகருகே வாழ முடியும், வாழ்ந்தும் வருகின்றன. ஓஓ வந்தபோது அதைவிடப் பெரிய ‘ஓ’ அளவு மெல்லப் பின்வாங்கியது உண்மைதான். கடந்த சில ஆண்டுகளில் அதே ஓ அளவில் ஆயத்த இன்ஜின்களை நிறுவனங்கள் மீண்டும் விற்கின்றன. 1972-இல் ஜெர்மனியின் மேர்க்லின், 220-இல் ஒரு பங்கான ‘இசட்’ அளவைக் கொண்டுவந்தது. அதனால் பெரிய அளவுகள் எதுவும் அழிந்துவிடவில்லை. சிறியது பெரியதை விழுங்கிவிடும் என்ற அச்சத்துக்கு வரலாறு முழு ஆதரவு தரவில்லை.

இதில் நம் பாதைகளுக்கென்று ஒரு சிறு ஆறுதலும் உண்டு. இந்திய அகலப் பாதையை 120-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 14 மி.மீ. வரும், எனவே, புதிய 12 மி.மீ. தடம் அதற்குப் பொருந்தாது. ஆனால், 87-இல் ஒரு பங்கு அளவில் மீட்டர் கேஜ் ரயில்களைச் செய்வோர், சுவிட்சர்லாந்தின் மலை ரயில் பிரியர்கள் உட்பட, பயன்படுத்துவது 12 மி.மீ. தடத்தைத்தான். நீலகிரி ரயிலை மாதிரியாகக் கட்ட விரும்பும் ஒருவருக்கு, பிரிட்டனின் புதிய அளவு பிரபலமாவதால் அந்த அகலத்தில் தண்டவாளம் இன்னும் பல இடங்களில் கிடைக்கக்கூடும். எவருக்காகவோ வகுத்த தரநிலை வேறெவருக்கோ உதவுவது இப்படித்தான்.

என்ன செய்யலாம்? புதிய அளவு வந்தது சரி என்பதே என் முடிவு. விகிதப் பிழை இல்லாத, மேசையில் அடங்கும், தடுமாறாமல் ஓடும் ஒரு ரயில், இதுவரை இந்தப் பொழுதுபோக்குக்குள் நுழைய முடியாதவர்களுக்குக் கதவைத் திறக்கிறது. 1957-இல் இல்லாத நுண்ணிய மோட்டார்களும், கைபேசியிலிருந்து இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சில்லுகளும் இன்று இருக்கின்றன. எனவே, பழைய தோல்வி மீண்டும் நிகழ்ந்தே தீரும் என்பது இல்லை.

ஆனால், அந்தக் கதவு திறந்தே இருக்கும் என்ற உறுதியைத் தர வேண்டியது தயாரிப்பாளர்களின் கடமை. முதலாவதாக, அளவு தொடருமா என்பது ஒரே நிறுவனத்தின் இலாப நட்டத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. இணைப்புக் கொக்கி, சக்கரம், மின்சில்லுப் பொருத்தி ஆகியவை ஐரோப்பியப் பொதுத் தரநிலைகளைப் பின்பற்றினால், ஒருவர் நிறுத்தினாலும் மற்றவர் தொடர முடியும். இரண்டாவதாக, உதிரிபாகங்கள் எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும். மூன்றாவதாக, ஓஓ அளவுக்கான திட்டங்களையும் அதே மேடையில், அதே தெளிவுடன் அறிவிக்க வேண்டும். பழைய வாடிக்கையாளர் கேட்பது சலுகையை அன்று. தான் மறக்கப்படவில்லை என்ற தகவலை.

பழைய பொழுதுபோக்காளர்களுக்கும் ஒரு கடமை உண்டு. கண்காட்சியில் டிடி மேசையின் முன் நிற்கும் சிறுவனிடம், இது நிலைக்காது என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அவன் ஓஓ வாங்காமல் டிடி வாங்குகிறான் என்பது இழப்பாகாது. எதையுமே வாங்காமல் போனால்தான் இழப்பு. பத்து ஆண்டுகள் கழித்துச் சங்கத்தின் சாவியை வாங்கிக்கொள்ளப்போவது அவன்தான். எந்த அளவு ரயிலோடு வந்தான் என்பது அன்று யாருக்கும் பொருட்டாக இருக்காது.

என்னைப் பொறுத்தவரை ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் எழுதுமேசையின் மேல் 310 மி.மீ. ஆரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் வரைந்தேன். புத்தகங்களை ஓரமாக ஒதுக்கினால் வட்டம் முழுவதும் அடங்குகிறது. மாலையில் அதைக் கழற்றி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. அலமாரியின் மேலிருக்கும் பதினான்கு பெட்டிகளை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால், அந்த வட்டத்தை இன்னும் அழிக்கவில்லை. அதில் ஒரு ரயிலை வாங்கி வைப்பதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பதினைந்து ஆண்டுகள் கழித்து அதன் ஒரு சக்கரம் தேய்ந்தால், இன்னொரு சக்கரம் கிடைக்குமா?